அம்பயருக்குப் பிடிக்காத விதி

பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கிரீஸை விட்டு ஓடத் தொடங்கும் நான்-ஸ்ட்ரைக்கரை, பவுலர் பெயில்ஸைத் தட்டி அவுட் ஆக்கினால் அது ரன் அவுட். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 'முறையற்ற ஆட்டம்' என்ற 41-வது விதியின் கீழ் இருந்ததை எம்.சி.சி. எடுத்து, 2022 அக்டோபர் 1 முதல் 'ரன் அவுட்' என்ற 38-வது விதியில் வைத்துவிட்டது. 41-ல் இருந்தபோதுகூட அங்கே முறை தவறியவனாகச் சொல்லப்பட்டவன் முன்கூட்டி ஓடியவன்தான், பவுலர் அல்ல.

ஆனால் நம் பள்ளிக்கூட ஆட்டங்களில் அம்பயராக நிற்கும் பெரியவர்கள் பலருக்கு இந்த உத்தரவு இன்னும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தவர்களுக்கோ பிடிக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆட்டம் பார்த்தேன். எந்தப் பள்ளி, எந்த மைதானம் என்பது வேண்டாம். பதின்மூன்று வயது இருக்கும், ஓர் இடக்கை ஸ்பின்னர். எதிர்முனைப் பையன் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டடி முன்னாலேயே போய் நிற்கிறான். நம் பையன் நின்று பெயில்ஸைத் தட்டி அப்பீல் செய்தான். அம்பயர் விரலைத் தூக்கவில்லை. கேப்டன் பையனிடம் போய்த் தோளில் கை வைத்து, "இந்த அவுட் வேணுமா தம்பி? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். கேப்டன் கோச்சைப் பார்த்தான். கோச் வேறு எங்கோ பார்த்தார். அப்பீல் வாபஸ். திரும்பி வரும்போது அம்பயர் பவுலரிடம் சொன்னது: "சட்டம் பேசாதடா, ஒழுங்கா பந்தைப் போடு."

அம்பயர் ஐயா, உங்களைக் கேட்கிறேன். எல்.பி.டபிள்யூ. அப்பீல் வந்தால் கேப்டனிடம் போய் "வேணுமா தம்பி?" என்று கேட்பீர்களா? மறுமுனையில் இருப்பவன் ஓர் அங்குலம் வெளியே வந்தால் கீப்பர் ஸ்டம்பிங் செய்கிறான். அவனை யாராவது "முதலில் எச்சரித்தாயா?" என்று கேட்டதுண்டா? 31-வது விதி சொல்வது இதுதான்: அப்பீலை வாபஸ் வாங்க நினைத்தால் கேப்டன் வந்து அம்பயரின் சம்மதம் கேட்க வேண்டும். அம்பயர் போய்க் கேப்டனைக் கெஞ்ச வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

இந்த நோய் மேலேயிருந்து வந்தது. 2012-ல் பிரிஸ்பேனில் நம்ம ஊர் அஸ்வின் இலங்கையின் திரிமன்னேயை இப்படி அவுட் ஆக்கினார். அம்பயர்கள் கூடிப் பேசி, கேப்டன் சேவாக்கிடம் கேட்க, அப்பீல் வாபஸ் ஆனது. 'முதலில் எச்சரிக்கை செய்யட்டும்' என்பவர்களுக்கு 2014 எட்ஜ்பாஸ்டனை நினைவூட்டுகிறேன். இலங்கையின் சேனநாயக்கே எச்சரித்த பிறகுதான் பட்லரை அவுட் ஆக்கினார். அங்கும் கேப்டன் மேத்யூஸிடம் கேட்டார்கள். அவர் உறுதியாக நின்றார். அதற்கும் வசைதான் கிடைத்தது. ஆக, எச்சரிக்கை என்பது வெறும் சாக்கு.

இந்த அவுட்டுக்கு வினூ மன்கட் பெயரை வசைச்சொல்லாக ஒட்டிவைத்தார்கள். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்ட்டில் அவர் பில் பிரவுனை அவுட் ஆக்கினார். அதே பயணத்தில் அதற்கு முந்தைய ஓர் ஆட்டத்தில் எச்சரித்துவிட்டுத்தான் பிரவுனை அவுட் ஆக்கியிருந்தார். எதிரணிக் கேப்டன் பிராட்மேனே தம் புத்தகத்தில் மன்கட் பக்கம்தான் பேசினார். அந்த மன்கட்தான் 1956 ஜனவரியில், யானைக்கவுனியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இன்று நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்திலிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், நியூசிலாந்துக்கு எதிராக 231 ரன் அடித்தார். பங்கஜ் ராயோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413. 2008 வரை அது உலக சாதனை. அப்படிப்பட்டவர் பெயரை நம் பிள்ளைகள் ஏமாற்று வேலைக்குப் பெயராகக் கற்றுக்கொள்கிறார்கள்.

விதியை விதியாக நடத்தினால் அது இரண்டு பக்கமும் வெட்டும். 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஸாம்பா இதே மாதிரி ஸ்டம்ப்பைத் தட்டினார். அவர் கை மேலே போய்ச் செங்குத்தைத் தாண்டிவிட்டதால் நாட் அவுட் என்று சொன்னார்கள். யாரிடமும் "வேணுமா?" என்று கேட்கவில்லை. விதியைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள். அம்பயர் வேலை அவ்வளவுதான்.

என் பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சில். அந்த மொழியில் நடுவருக்கு 'அர்பித்ர்' என்று பெயர். 'அர்பித்ரேர்' என்றால் தன் இஷ்டத்துக்குச் செய்வது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. முதலாமவர் இரண்டாமவராக மாறாமல் தடுப்பது கையிலிருக்கும் விதிப்புத்தகம் மட்டும்தான்.

பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தேன். பிடிக்காத ஜி.ஓ. எத்தனையோ வந்தது. ஆட்சேபணை இருந்தால் குறிப்பெழுதி மேலே அனுப்பலாம். ஆனால் அமலுக்கு வந்த தேதியிலிருந்து ஃபைல் அதன்படிதான் நகர வேண்டும். குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஓர் அம்மாள் ஜி.ஓ. நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றால், "என்னம்மா, சட்டம் பேசுறீங்களா?" என்று எரிந்து விழுகிற ஆசாமிகளையும் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில்தான் சட்டம் தெரிந்திருப்பது ஒரு வசவு. அந்த வசவை மைதானத்தில் பதின்மூன்று வயதுப் பையனிடம் சொல்கிறோம். விதியைப் படித்தவன் தலை குனிகிறான், விதியை மீறி ஓடியவன் நல்ல பிள்ளையாகத் தொடர்ந்து ஆடுகிறான். அவன் நாளைக்கு ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் தன் உரிமையைக் கேட்பானா?

பள்ளி ஆட்டத்தில் மூன்றாவது அம்பயர் இல்லை, கேமரா இல்லை, மேல்முறையீடு இல்லை. உடற்கல்வி ஆசிரியரோ, ஓய்வு பெற்ற ஆட்டக்காரரோ, அங்கே நிற்பவர் சொல்வதே முடிவு. அதனால்தான் அவருக்குப் பொறுப்பு அதிகம். சீசன் தொடங்குமுன் ஒரு நாள் உட்காரவைத்து, மாறிய விதிகளைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். பெரிய செலவொன்றும் இல்லை. விதி பிடிக்கவில்லையென்றால் சங்கத்துக்கு எழுதுங்கள், கூட்டத்தில் பேசுங்கள். மைதானத்தில் அப்பீல் வந்து, விதிப்படி அவுட் என்றால், விரலைத் தூக்குங்கள் ஐயா. வேணுமா என்று கேட்காதீர்கள்.