தேறாத மாணவியும் நமது கடமையும்

பரீட்சை முடிவு வெளிவந்த அன்று, தேறியவர்களைக் கொண்டாட ஊர் முழுவதும் திரளும். தேறாதவர்களை விசாரிப்பாரில்லை, விசாரிப்பவர் சிலரும் குத்திக் காட்டுவதற்கே வருகின்றனர். திருவையாற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நர்ஸ் படிப்புக்குச் செல்லும் பெண்கள் விஷயத்தில் இக்கொடுமை இரட்டிப்பாகிறது. நெல் விற்ற பணத்தையும், தாயாரின் நகை அடகையும் நம்பிப் படிக்கச் சென்ற பெண் ஒரு பாடத்தில் தவறியதும், "படித்தது போதும், வீட்டோடு இரு" என்ற தீர்ப்பைப் பெறுகிறாள். இத்தீர்ப்பு அநியாயமானது என்பதே நமது அபிப்பிராயம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். தாதிக்குப் பரீட்சை அவசியம். மருந்தின் அளவில் பிழை நேர்ந்தால் போவது மார்க் அன்று, உயிர். பி.எஸ்ஸி. நர்ஸிங் படிப்பின் பிரதான பாடங்களில் எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே நூற்றுக்கு 50 பெறவேண்டுமென்று இந்திய நர்ஸிங் கவுன்சில் விதித்திருப்பது நியாயமே. அளவுகோலைத் தாழ்த்துமாறு நாம் கேட்கவில்லை. ஆனால் தவறிய பாடத்தை மீண்டும் எழுதவும் விதிகள் இடமளிக்கின்றன. விதி திறந்து வைத்த கதவை வீட்டார் அடைப்பது எவ்வாறு தகும்?

தோல்வியின் காரணத்தையும் சற்று யோசிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் பயின்றவள், கல்லூரியில் நுழைந்ததும் உடற்கூற்றையும் உடலியலையும் இங்கிலீஷில் கற்க நேர்கிறது. நாடியைப் பிழையின்றிப் பார்க்கத் தெரிந்தவள், விடைத்தாளில் சொல் அகப்படாமல் திணறுகிறாள். நாளை அவளிடம் வரும் நோயாளியோ தன் வலியைத் தமிழில்தான் சொல்லப்போகிறான்! 1947-இல் சுதந்திரம் பெற்ற தேசத்தில், அறிவின் குறையையும் அந்நிய மொழியின் தடையையும் பிரித்தறியாமல் ஒரு பெண்ணை மந்தமானவள் என்று தள்ளுவது முறையன்று. இத்துறைக்குத் தெளிந்த தமிழ்த் துணைநூல்கள் பெருக வேண்டும்.

காவிரிக் கரையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜன், கணிதமல்லாத பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர் சென்னையிலும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. அவரே 1918-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். தவறியவரெல்லாம் ராமானுஜன் ஆவார் என்று சொல்ல வரவில்லை. பரீட்சை ஒரு நாளின் கணக்கைச் சொல்லுமேயன்றி ஓர் ஆயுளின் கணக்கைச் சொல்லாது என்பதே நமது வாதம்.

மாணவிக்குச் சொல்ல வேண்டுவதும் உண்டு. இரண்டு நாள் அழுதால் குற்றமில்லை. மூன்றாம் நாள், எந்தப் பாடத்தில், எப்பகுதியில் தவறினோம் என்று காகிதத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். ஆசிரியையைக் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். தேறிய தோழியோடு அமர்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு விடையெழுதிப் பழகவேண்டும். மனம் இருண்டு விபரீத எண்ணம் தோன்றுமாயின், தாமதியாமல் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லவேண்டும். 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண் அதற்கென்றே ஏற்பட்டது.

வெள்ளத்தில் நாற்று அழுகினால் நமது குடியானவன் நிலத்தைத் தரிசாக விட்டுவிடுவதில்லை. மறு நாற்று விட்டு நடுகிறான். மண்ணிடம் காட்டும் பொறுமையைத் தான் பெற்ற மகளிடம் காட்டலாகாதா?

மேடைதோறும் பெண் கல்வியைப் பேசும் தேசத்தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தேறாத பெண்ணின் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை அமர்ந்து அவள் தகப்பனாரிடம் பேசுங்கள். மறு பரீட்சைக் கட்டணத்துக்கு ஊரார் சேர்ந்து வழி செய்யுங்கள். ஒரு பொதுக்கூட்டத்தைக் காட்டிலும் அது பெரிய தொண்டு. அவ்வாறு கைதூக்கி விடப்பட்ட பெண், நாளை நம்மில் ஒருவருடைய படுக்கையருகே விழித்திருப்பாள் என்பதை மறவாதீர்கள்.