கோல் கீப்பர் சத்தம் போட வேண்டும்



ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல யானைக்கவுனி பாலத்தில் நடந்துவிட்டு வந்து போனைத் திறந்தால், நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கு மேல் செய்திகள். யாரோ வியாசர்பாடியில் பசங்க ஃபுட்பால் ஆடுகிற படம் போட்டிருக்கிறான். அங்கே தொடங்கிய பேச்சு சென்னையின் எஃப்சி, கானா பாட்டு, கரண்ட் கட் என்று சுற்றி, அணு உலையில் வந்து சண்டையாகிவிட்டது. கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவன் ஒரு பக்கம், எண்ணூர்க்காரன் மறுபக்கம். கடைசியில் இரண்டு பேரும் "சார் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு வரியில் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கல்பாக்கத்தானுக்கு. உன் கட்சியில் நியாயம் இருக்கிறதப்பா. நம் நாட்டு மின்சாரத்தில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. அணு மின்சாரம் சுமார் 3 சதவீதம்தான். நிலக்கரியின் விலை என்ன என்று வடசென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. அவ்வளவு வருடம் வகுப்பில் பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் என்று கரும்பலகையில் படம் போட்டேனே, சாம்பல் எங்கே போகிறது என்று ஒரு கோடாவது இழுத்தேனா? இல்லை. அது கொசஸ்தலை ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் போவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டு. 2017 பொங்கல் சமயத்தில் வந்த, டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்கு பாடல். கபேர் வாசுகி எழுதியது. கர்நாடக ராகத்தில் நம் பேச்சுத் தமிழ். கச்சேரி மேடையில் உட்கார்ந்து பாடாமல், எண்ணூர் கழிமுகத்துக்கே போய் நின்று பாடினார். அன்றைக்கு வாத்தியார் நான் மாணவன் ஆனேன்.

இப்போது எண்ணூரானுக்கு. உன் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26, நடு ராத்திரி. ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மறுநாள் காலை நீ போன் செய்தாய். "சார், நீங்க செஞ்சு காட்டின ஃபவுண்டன் எக்ஸ்பெரிமெண்ட் ஞாபகம் வந்துச்சு. அம்மோனியா தண்ணில கரையும்னு சொன்னீங்களே, துண்ட நனைச்சு பசங்க மூஞ்சில கட்டினேன்" என்றாய். உனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தொண்டை வரவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கோபம். பத்தாம் வகுப்புப் பாடம் ஞாபகம் இருந்தவன் பிழைத்துக்கொண்டான். படிக்காத பாட்டிக்கு யார் சொல்வது?

இன்னொரு டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். 2004, சுனாமி. கல்பாக்கத்தில் பம்ப் ஹவுசுக்குள் கடல் நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். அது சாதாரண வேலை இல்லை, பாராட்ட வேண்டும். ஆனால் அதே கல்பாக்கம் நகரியத்தில் பல உயிர்கள் போயின. இயந்திரத்துக்கு அபாயம் வந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். கரையில் இருந்த மனிதனுக்கு, அலை வருகிறது என்று சொல்ல ஆளில்லை.

செர்னோபிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஏப்ரல் 26, விடியற்காலை 1.23க்கு உலை வெடித்தது. பக்கத்து ஊர் பிரிப்யாத். அன்று சனிக்கிழமை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வெளியே விளையாடினார்கள். ஊரைக் காலி செய்ய ஆரம்பித்தது மறுநாள் மதியம்தான், சுமார் 36 மணி நேரம் கழித்து. உலை வெடித்தது ஒரு தப்பு. 36 மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது இரண்டாவது தப்பு.

நம் ஸ்கூல் டீமுக்கு நான் ஒப்புக்குச் சப்பாணி கோச்சாக இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒரே ஃபுட்பால் பாடம், "கீப்பர் சும்மா நிக்காதடா, கத்து!" என்பதுதான். மைதானம் முழுக்கத் தெரிகிற இடத்தில் நிற்பவன் அவன் ஒருவன். டிஃபென்ஸில் நிற்பவனுக்கு முதுகுப் பக்கம் யார் வருகிறான் என்று தெரியாது. பந்தைப் பிடிப்பது பாதி வேலை. சத்தம் போட்டுச் சொல்வது மீதி வேலை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். அணு உலையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நிலக்கரிச் சாம்பலைப் பார்த்த கண் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் உலையோ, உரக் கம்பெனியோ, எண்ணெய்க் குழாயோ, பக்கத்தில் குடியிருப்பவனுக்குத்தான் முதல் தகவல் போக வேண்டும். அவன் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. சைரன் அடித்தால் எந்தப் பக்கம் போவது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்பாக்கத்தானே, ஒத்திகை எல்லாம் நடக்கிறது என்று சொன்னாய். சரி. சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்கிற அம்மாவிடம் ஒரு நாள் கேட்டுப் பார், "சைரன் அடிச்சா எங்க போவீங்க?" என்று. அவர் தயங்காமல் பதில் சொன்னால், நான் உன் கட்சி.

மற்ற எல்லோரும் ஒன்றை மனதில் வையுங்கள். அம்மோனியா நெடி வந்தால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காற்று அடிக்கிற திசையிலேயே ஓடாமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சண்டை போட்ட இரண்டு பேரும் அடுத்த ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள். மூன்று பேருமாக வியாசர்பாடி போய்ப் பசங்க ஆடுவதைப் பார்க்கலாம். டீ என் செலவு.

அன்புடன்,
உங்கள் சார்