பனி நின்றாச்சு, வெயிலும் வந்தாச்சு... குல்மார்க்கில் பனிச்சரிவு அபாயம் ஏன் தொடர்கிறது?

ரெண்டு நாள் விடாமல் பனி கொட்டியிருக்கும். மூன்றாம் நாள் காலையில் வானம் பளிச்சென்று நீலமாகிவிடும். 'அப்பாடா, இன்னிக்கு மேலே போயிடலாம்' என்று கோண்டோலா வரிசையில் கூட்டம் நிற்கும். குளிர்கால குல்மார்க்கில் வழக்கமான காட்சி இது. ஆனால் பனி நின்றாலும், காற்று நிற்காதவரை ஆபத்து கூடிக்கொண்டேதான் இருக்கும்.

கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரம் வரை போகிறது. வழக்கமான பாதையை விட்டு விலகினால் கிடைக்கும் புதுப்பனிக்காகவே ஸ்கையர்கள் அங்கே வருகிறார்கள். 2023 பிப்ரவரி 1-ல் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22-ல் ரஷ்யர் ஒருவரும் இந்த மலையில் பனிச்சரிவில் சிக்கி இறந்தனர்.

காற்று என்ன செய்கிறது?

கடற்கரையில் காற்று மணலை அள்ளி சுவருக்கு மறுபக்கம் குவிக்குமே, அதே கதைதான். முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கம் கொட்டுகிறது. வானத்திலிருந்து விழுவதைவிட 10 மடங்கு வேகத்தில்கூட இப்படிப் பனி சேரலாம். அடித்துவரும் வழியில் பனித்துகள்கள் பொடியாகி, இறுகி, ஒரே பலகையாகிவிடும். அதன் அடியில் சர்க்கரைபோல உதிரும் பழைய பனி இருந்தால் போச்சு. ஒருவர் ஏறியதும் அடி அடுக்கு நொறுங்கும். பலகை மொத்தமாக வழுக்கி இறங்கும். விரிசல் பெரும்பாலும் அவருக்கு மேலே விழுவதால் தப்பிப்பது கஷ்டம். 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் இது அதிகம். ஸ்கையர்கள் தேடிப்போவதும் அதே சரிவுகளைத்தான்!

உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் சுமார் 90 சதவீதம், சிக்கியவரோ கூட வந்தவரோ கிளப்பிவிட்டவை.

அறிகுறிகள் உண்டா?

உண்டு. காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம், ஸ்கைக்கு முன்னால் ஓடும் விரிசல், மேளம்போல் ஒலிக்கும் கெட்டிப்பனி, முகட்டில் கொடிபோலப் பறக்கும் பனித்தூள். நேற்று யாரோ போன தடம் இருக்கே என்று நம்புவது வேலைக்காகாது.

டிஆர்டிஓ-வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது மாவட்டத்துக்கும் உயரத்துக்குமான எச்சரிக்கை. நேற்றிரவு காற்று எந்த மூலையில் பனியைக் கொட்டியது என்பது அதில் வராது. அதைப் படிக்கத் தெரிந்தவர் உள்ளூர் வழிகாட்டிதான்.

புதைந்தவருக்கு முதல் 10 நிமிடங்களே முக்கியம். அதற்குப் பிறகு பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரியும். மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. கூட இருப்பவரிடம் டிரான்ஸீவர், துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்கணும், பயன்படுத்தவும் தெரியணும். வழிகாட்டி 'இன்னிக்கு வேணாம்' என்றால், 'லீவு போட்டு வந்தாச்சே, காசு கட்டியாச்சே' என்று அவரிடம் மல்லுக்கட்டாதீங்க.