குறுந்தகடு காப்பகம் அன்று

சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் படமெடுத்து, குறுந்தகட்டில் பதிந்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் அவை காப்பாற்றப்பட்டுவிட்டன என்ற நம்பிக்கை நம் தமிழ்த்துறைகளில் இன்னும் சாகவில்லை. திட்டம் முடிந்தது, அறிக்கை தந்தாயிற்று, தகடுகள் அடுக்கில் இருக்கின்றன என்கிறார்கள். அவற்றில் எத்தனை இன்று திறக்கும் என்று கேட்டால் மௌனம்தான் விடை.

நாம் கணினியில் எழுதிக்கொள்ளும் தகட்டில் செய்தியைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப்படலம். கடையில் வாங்கும் பாட்டுத்தகட்டைப் போல அதில் அச்சில் அழுத்திய குழிகள் இல்லை. வெயிலும் வெப்பமும் ஈரமும் சாயத்தைச் சிதைக்கும். சி.டி.யில் இப்படலமும் அதன் உலோகப் பூச்சும் தலைப்பு எழுதும் மேற்பக்கத்தை ஒட்டியே, ஒரு மெல்லிய பூச்சின் அடியில் இருக்கின்றன. பேனாவால் அழுத்தி எழுதினாலே காயம்படும். டி.வி.டி.யில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் சற்றே மேல். உறையில் அச்சிட்ட ‘நூறாண்டு’ என்பது, மிகை வெப்பத்தில் சில வாரங்கள் வைத்துச் சோதித்துப் பெற்ற கணிப்பு. அக்கணிப்பும் குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட அறைக்கு உரியது. சித்திரை வெயிலில் வேகும் இரும்பு பீரோவுக்கு உரியதன்று.

தேநீர் விலைக்கு ஒரு தகடு கிடைக்கிறதே என்பார்கள். கணக்கிடுவோம். ஒரு டெராபைட் படங்களைப் பதிய 4.7 ஜிகாபைட் டி.வி.டி.கள் 213 வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்க்கத் தகட்டுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 35 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்பணிக்கு எந்தத் துறையில் ஆள் இருக்கிறார்? எந்த வரவுசெலவில் இதற்கு இடம் உண்டு? தகட்டின் விலை மட்டுமே விலை என்று நம்பியதால் பராமரிப்புக்கு ஒரு காசும் ஒதுக்காமல் விட்டோம்.

தகடு தாங்கினாலும் அதைப் படிக்கும் கருவி தாங்க வேண்டுமே. இங்கிலாந்தில் 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கேட்டின் 900-ஆம் ஆண்டு நினைவாக, பி.பி.சி. 1986-இல் லேசர் தகடுகளில் ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டது. அடுத்த பதினாறு ஆண்டுகளுக்குள் அதைப் படிக்கும் கருவிகள் அருகி, 2002-இல் ஆய்வாளர்கள் மீட்புப் பணியில் இறங்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழைய ஏட்டை இன்றும் படிக்கலாம். இப்போது வரும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு செருகும் இடமே இல்லை. பதியத்தக்க புளூரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திவிட்டது.

ஒருமுறை எழுதிய தகட்டை வைரஸ் அழிக்காது, வன்தட்டு போல் திடீரென்று நின்றுபோகாது என்று வாதிடுவோர் உண்டு. அது உண்மை. ஆகவே பல படிகளுள் ஒன்றாகத் தகடு இருக்கட்டும். ஒரே படியாக இருப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நம் மரபும் இதையே சொல்கிறது. பழந்தமிழ்ப் பாடல்களை நம்மிடம் சேர்த்தது பனையோலையின் ஆயுள் அன்று. ஓலை சிதையும் முன் அடுத்த ஓலையில் படியெடுத்த கைகள் சேர்த்தன. அப்படிகள் பல ஊர்களில் இருந்ததால்தான் உ.வே.சா. அவற்றைத் தேடி, ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளுக்காக வகுப்பறையில் வருந்தும் நாம், நம் பீரோவைத் திறந்து பார்ப்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு துறையும் இந்தக் கோடை விடுமுறைக்குள் தன் தகடுகளை எண்ணட்டும். படிக்க முடிந்தவற்றை உடனே இரண்டு வன்தட்டுகளுக்கு மாற்றி, ஒன்றை வேறு ஊரில் வைக்கட்டும். ஆண்டுதோறும் சரிபார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கட்டும். பதிப்புரிமை தடுக்காத நூல்களை இணையத்தில் அனைவர்க்கும் திறந்துவிடட்டும். பலர் கையில் படி இருப்பதைவிடச் சிறந்த காப்பு இல்லை. இதைச் செய்ய மனமில்லாதவர்கள் அடுத்த மின்னாக்கத் திட்டத்துக்கு நிதி கேட்க வேண்டாம்.