பன்றிக்கு எந்தத் தோட்டா?

துறையூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்ட தோழர் எவரையும் கேளுங்கள். ஒரே இரவில் கொல்லையைக் கவிழ்த்துவிட்டுப் போகும் காட்டுப்பன்றியின் கதையைச் சொல்வார். "சுட்டுத் தள்ளுவதுதானே?" என்கிறார்கள் இடுப்பிலே ரிவால்வர் செருகிய கனவான்கள்!

சுடலாம். எதைக் கொண்டு? கான்பூரில் செய்யும் .32 ரிவால்வரின் குண்டு ஆறு கிராமைச் சற்றே தாண்டும்; வேகமும் குறைவு. நூறு கிலோவை எட்டும் ஆண் பன்றிக்கோ தோளிலே கேடயம் போலத் தடித்த தோல். அந்தக் குண்டு கொல்லாது, வெறியேற்றும். அடிபட்ட பன்றி புதரிலே கிடக்கும். மறுநாள் புல்லறுக்கப் போகிறவள் கனவானின் மனைவியா? 9 எம்.எம். தோட்டாவோ பொதுமக்களுக்குத் தடை. பன்னிரண்டு போர் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டு 28 கிராம். அதுதான் வேலைக்கு ஆகும்.

அந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது? பொன்மலைக்கு அருகே நவல்பட்டில் 1966 முதல் துப்பாக்கி செய்கிறார்கள் நம் தோழர்கள். ஏழை உழவன் வீட்டிலே ஏது? அவன் மின்கம்பி இழுக்கிறான், அவுட்டுக்காய் வைக்கிறான். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன.

2025 சனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தார்: காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 3 வரை பிடிக்கலாம், அதற்கப்பால் வனத்துறையினரே சுடுவர். பயிற்சி பெற்ற கை, தக்க தோட்டா, சரிதான். ஆனால் கேரளத்தில் 2022இலேயே அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் வந்துவிட்டது. இங்கே மனு மேசை மேசையாக ஏறி இறங்கலாமா? மக்காச்சோளம் நாலு மாதத்துக்குள் அறுவடையாகும் பயிர், அய்யா!