நுரை சொல்வது பாதி விடைதான்

மாணவர்களே, பளிங்குக் கல்லும் முத்தும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் இரண்டுமே நுரைக்கும். ஆனால், பளிங்கில் உள்ள கனிமம் கால்சைட். முத்தில் பெரும்பாலும் அராகோனைட். அணுக்கள் ஒன்றுதான், அவை அடுக்கப்பட்ட விதம் வேறு. அதனால் அவற்றின் அதிர்வும் வேறுபடும்.

லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி அந்த அதிர்வுக்கேற்ப நிறம் மாறி வரும். 1928இல் சர் சி.வி. இராமன் கண்டறிந்த விளைவு இது. இந்த நிறமாலையில் கால்சைட் சுமார் 281 செ.மீ.⁻¹ அலையெண்ணிலும், அராகோனைட் சுமார் 206 செ.மீ.⁻¹ அலையெண்ணிலும் தனக்குரிய கோட்டைக் காட்டும். முத்தை அமிலத்தில் கரைக்கத் தேவையில்லை.

ஆகவே, ஆய்வுக்கூடத்தில் நுரை வந்ததும் ‘கார்பனேட்’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடாதீர்கள். அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள்.