2147483647: சும்மா ஒரு நம்பர் இல்லீங்க

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. லாட்டரிச் சீட்டு நம்பர் மாதிரி இருந்தாலும் இது ஒரு பகா எண். 31 இரண்டுகளைப் பெருக்கி, வர்றதுல 1 கழிச்சா இது கிடைக்கும். இந்த மாதிரி பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள்னு பேர்.

இது பகா எண்தான்னு 1772ல நிரூபிச்சவர் ஆய்லர். அப்போ அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட போயிருந்தது. நேர்வழியில போனா 46,340 வரைக்கும் உள்ள அத்தனை பகா எண்ணாலயும் வகுத்துப் பார்க்கணும், நாலாயிரத்துச் சொச்சம் வரும். மனுஷன் அதைச் செய்யலை. இதை வகுக்கிற பகா எண்ணுன்னு ஒண்ணு இருந்தா, அதை 248ஆல வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வரணும்னு முதல்ல கண்டுபிடிச்சார். நாலாயிரம், நூத்துக்கும் கீழே சுருங்கிடுச்சு! எனக்கு இந்த நம்பரைவிட இந்தச் சோம்பேறித்தனம்தான் ரொம்பப் பிடிச்சது.

இதை வச்சு 2305843008139952128னு ஒரு நிறைவெண் கிடைக்கும். (6 = 1+2+3 மாதிரி, தன்னைத் தவிர மத்த வகுத்திகளைக் கூட்டினா தானே வர்ற எண்.) இதைவிடப் பெருசா ஒண்ணை யாரும் தேடப் போறதில்லை, இதெல்லாம் வேடிக்கைதான், பிரயோஜனமில்லைங்கிற அர்த்தத்துல 1811ல பீட்டர் பார்லோ எழுதி வச்சார். 1876லயே லூக்கா 39 இலக்கத்துல ஒரு மெர்சென் பகா எண்ணை நிரூபிச்சுட்டார். அது போகட்டும். பிரயோஜனமில்லைன்னாரே, அங்கதான் எனக்கு விவகாரம்.

32 பிட்டுல ஒண்ணு பிளஸ்/மைனஸ் குறிக்குப் போயிட்டா மிச்சம் 31. அதுல அடங்குற பெரிய நம்பர் இதுதான். (பகா எண்ணா இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இல்லாத தத்துவத்தை ஏத்த வேண்டாம்.) 2014ல 'கங்னம் ஸ்டைல்' இதைத் தாண்டப் போகுதுன்னு யூடியூப் தன் கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாத்துச்சு. அது வெறும் பாட்டு. ஆனா பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1லிருந்து நொடி நொடியா எண்ணுது. நம்ம நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07க்கு எண்ணிக்கை இந்த நம்பரைத் தொடும். அடுத்த நொடி, 32 பிட் புரோகிராம்ல தேதி 1901 டிசம்பருக்குப் போயிடும்.

"2038 தானே, அப்ப பார்த்துக்கலாம்"னு சொல்றவங்க காமர்ஸ் படிக்காதவங்களா இருக்கணும். 2018 பிப்ரவரியில வாங்கின 20 வருஷ வீட்டுக்கடனோட கடைசித் தவணையே அந்தத் தேதிக்கு அப்புறம்தான் வருது. தவணை அட்டவணை போடற பழைய புரோகிராம் 2038 வரைக்கும் காத்திருக்காது, கடன் கொடுத்த அன்னிக்கே தப்பா போடும்.

புது சிஸ்டம்கள் 64 பிட்டுக்குப் போயாச்சு, வாஸ்தவம். பழசுங்களை யார் தேடிப் பிடிச்சு மாத்துறது? ஒய்2கே சமயத்துல ராத்திரி பகலா உட்கார்ந்து திருத்தினாங்க. ஒண்ணும் ஆகலை. உடனே "அது சும்மா பில்டப்"னு சிரிச்சோம். தணிக்கைப் பாடத்துல மூணு வருஷம் வவுச்சர் சரிபார்க்கக் கத்துக்கறோம், அந்த வவுச்சர்ல தேதியை அடிக்கிற மெஷின் எதுவரைக்கும் எண்ணும்னு கேட்க ஒரு பக்கம் கூட இல்லை. அந்த ஒரு பக்கத்தைச் சேர்க்கணும்கிறது என் கட்சி.

கொசுறு: 64 பிட்டுல இதே இடத்துல நிக்கிற 9223372036854775807 பகா எண் இல்லை. 7ஆல வகுத்துப் பாருங்க.